கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, குடிக்கலாமா?

கேள்வி: கல்யாணமாகி ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வந்து 3 வருடம் ஆகிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். எதிர்வீட்டு அக்கா, "இதைக் குடிச்சா கேன்சர்தான்" என்கிறார். மாமனாரோ, "40 வருஷமா குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

பதில்: முதலில் குழந்தையைக் கவனிப்போம். தண்ணீரைப் பரிசோதித்து முடிவு வரும்வரை, குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பிடித்து வையுங்கள். பால் பவுடர் கரைப்பதற்கும் அதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாமனார் கண்ணையும் நாக்கையும் நம்புகிறார். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ருசியும் மாறவில்லை. ஆனால் உங்கள் பகுதியில் முக்கியமான கவலை குரோமியம் என்ற உலோகம். 1990களில் மூடப்பட்ட, குரோமிய உப்புகள் தயாரித்த குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டுமே லட்சம் டன்னுக்கு மேல். அதில் இருக்கும், குரோமியத்திலேயே நச்சு அதிகமான வகையான ஆறு இணைதிறக் குரோமியம் மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். அது தண்ணீரை மஞ்சளாக்கும், ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் சேர்ந்தால்தான் நம் கண்ணுக்கே தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, வரம்பைப்போல் 10 மடங்கு இருந்தாலும் டம்ளரில் பளிங்கு மாதிரிதான் தெரியும். அதுவும் நிலத்தடியில் மாசு மெதுவாக நகரும். 40 வருடத்துக்கு முன் அவர் இறைத்த தண்ணீரும் இன்று நீங்கள் இறைப்பதும் ஒன்றல்ல.

அதற்காக அக்கா சொல்வது அப்படியே சரி என்று ஆகிவிடாது. இந்தக் குரோமியத்தின் தூசியையும் ஆவியையும் வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது உறுதியாகத் தெரிந்த விஷயம். குடிப்பதைப் பொறுத்தவரை, அதிக அளவில் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு வாயில் புற்றுநோய் வந்ததை 2008இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கவனமாக இருக்க இதுவே போதும். ஆனால் குடித்த எல்லோருக்கும் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அக்காவின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத, நாம் கேட்டு வாங்காத, நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஆபத்துதான் மனிதர்களை அதிகம் உலுக்கும் என்று பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987லேயே எழுதினார். மழைக்காலத்தில் மஞ்சள் நீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, கழிவை அகற்றுவார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? மாமனாரின் தைரியத்துக்கும் காரணம் இருக்கும். கிணறு கெட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் நிலத்தின் விலை விழும், பெண் கொடுக்கத் தயங்குவார்கள். சொந்தக் கிணற்றைச் சந்தேகப்படுவது யாருக்கும் லேசான காரியமில்லை.

சரி, பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். "தண்ணீர் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு என்று வழக்கமானவற்றைப் பார்த்து, "குடிக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிடக்கூடும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே அனுப்பலாம் என்று விசாரியுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, தண்ணீர் எடுத்த அன்றே கொடுத்துவிடுங்கள். மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ரிப்போர்ட் உங்கள் கிணற்றுக்குச் செல்லாது. ஆழமும் நீரோட்டமும் மாறும்.

அப்புறம், கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும், ஆனால் அதன் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். வடிகட்டிய தண்ணீரையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

இன்னொன்று. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது மாமனாரையே இறைத்து ஊற்றச் சொல்லுங்கள், எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு, "இது நம்ம கிணத்துத் தண்ணியே இல்ல" என்று இருவரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.