சாலை வடிவமைப்பை அளவைக் கருவிக்கு மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: சிவில் 3டி என்ற வடிவமைப்பு மென்பொருளில் சாலையை முழுமையாக வடிவமைத்துவிட்டேன். அதை டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக மாற்றி, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் ஏற்றினால் போதாதா சார்?

கோடு தெரியும், சாலை தெரியாது. டிஎக்ஸ்எஃப் வழியாகப் போவது வரைந்த கோடுகள் மட்டுமே. செயினேஜ் 1+240-இல் (சாலைத் தொடக்கத்திலிருந்து 1240 மீட்டரில்), மையக்கோட்டிலிருந்து வலப்பக்கம் 3.5 மீட்டரில் மட்டம் என்ன என்று கேட்டால், பதில் சொல்லக் கருவிக்கு மூன்று செய்திகள் வேண்டும். மையக்கோட்டில் நேர்கோடு எங்கே முடிகிறது, வளைவு எந்த ஆரத்தில் திரும்புகிறது என்பது ஒன்று. நீள்வெட்டின் (மையக்கோட்டின் வழியே மட்டம் ஏறி இறங்கும் வடிவத்தின்) சாய்வுகளும் பரவளைவுகளும் இரண்டாவது. அந்த இடத்தின் குறுக்குவெட்டு மூன்றாவது. இம்மூன்றையும் சேர்த்துச் சுமக்கும் பொது வடிவம் லேண்ட்எக்ஸ்எம்எல். அதன் 1.2 பதிப்பு 2008-இல் வந்தது. இன்றும் பெரும்பாலான கருவிகளும் மென்பொருள்களும் படிப்பது அதைத்தான். எல்லைக்கற்கள், குழாய்ப்பாதை போன்றவற்றைத் திரையில் பின்னணியாகக் காட்ட டிஎக்ஸ்எஃப் நன்றாகவே உதவும். அந்த வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேண்ட்எக்ஸ்எம்எல் அனுப்பினேன். மையக்கோடும் நீள்வெட்டும் கருவியில் வந்துவிட்டன. சாலையின் அகலம், சரிவு எதுவும் வரவில்லை. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஏற்றுமதிப் பட்டியலில் காரிடாரை, அதாவது சாலையின் முழு முப்பரிமாண மாதிரியை, தேர்வு செய்யாமல் விட்டிருக்கலாம். அல்லது கோப்பில் குறுக்குவெட்டுகள் இருந்தும் உங்கள் கருவி அவற்றைப் படிக்காமல் இருக்கலாம். கோப்பை நோட்பேடில் திறந்து குறுக்குவெட்டுப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், எந்தப் பக்கம் சிக்கல் என்று தெரிந்துவிடும்.

இதில் பலர் எதிர்பார்த்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் அசெம்ப்ளியில் (சாலையின் குறுக்குவெட்டு வார்ப்பில்) உள்ள விதிகள், உதாரணமாகப் பக்கச்சரிவு தரையைத் தேடிப் போய்த் தொடும் விதி, மென்பொருளைவிட்டு வெளியே வருவதில்லை. அந்த விதிகளின் விளைவாகக் கிடைத்த குறுக்குவெட்டுகள்தாம் வெளியே வரும். கருவி லேண்ட்எக்ஸ்எம்எல்லின் குறுக்குவெட்டைப் படிக்காவிட்டால், அந்தத் தயாரிப்பாளரின் அலுவலக மென்பொருளில் திறந்து அவர்களுடைய சொந்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். டிரிம்பிள், லைக்கா, டாப்கான் மூன்றுக்கும் அப்படிச் சொந்த வடிவங்கள் உண்டு.

கேள்வி: குறுக்குவெட்டுகளை எத்தனை மீட்டருக்கு ஒன்று எடுக்க வேண்டும்? நான் 20 மீட்டர் வைத்தேன். வளைவில் சாலை விளிம்பு உடைந்து உடைந்து தெரிகிறது.

உடைந்துதான் தெரியும். வளைவின் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் ஏற்படும் விலகல் இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஆரம் 200 மீட்டர், இடைவெளி 20 மீட்டர் என்றால் 400-ஐ 1600-ஆல் வகுக்க வேண்டும்: 25 சென்டிமீட்டர். 10 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் சொச்சம். 5 மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். நீங்கள் முக்கோணப் பரப்பை (புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்த பரப்பை) மட்டும் அனுப்பியிருந்தால் இந்தப் பிழை முழுவதும் தளத்தில் வந்து நிற்கும். மையக்கோட்டின் கணிதத்தையும் சேர்த்து அனுப்பினால், கருவி உண்மையான வில்லிலிருந்து தூரத்தை அளக்கும். விளிம்பு சீராகிவிடும்.

ஆனால் இடைவெளியைவிட முக்கியமானது, எந்தெந்தச் செயினேஜில் கட்டாயம் குறுக்குவெட்டு எடுக்க வேண்டும் என்பது. 1+240-இல் சாலையின் குறுக்குச் சரிவு 2.5 சதவீதம் என்று வையுங்கள். 1+253-இல் சூப்பர் எலிவேஷன் (வளைவுக்காகச் சாலையை ஒருபக்கம் சாய்ப்பது) மாற்றம் தொடங்கி, சரிவு மீட்டருக்கு 0.1 சதவீதம் குறைகிறது. 1+260-இல் அது 1.8 சதவீதம். 1+253-இல் வெட்டு இல்லாவிட்டால் கருவி 1+240-க்கும் 1+260-க்கும் நேர்கோடு போட்டு, 1+253-இல் ஏறத்தாழ 2.05 சதவீதம் என்று சொல்லும். 3.5 மீட்டர் தள்ளி விளிம்பில் அது 1.6 சென்டிமீட்டர் மட்டப் பிழை. தார் போடும்போது இது சின்ன விஷயமல்ல. ஆகவே வளைவின் தொடக்கம், முடிவு, சூப்பர் எலிவேஷன் மாறும் ஒவ்வொரு புள்ளி, அகலம் மாறும் இடம் எல்லாவற்றிலும் வெட்டு இருக்கட்டும். அதன்பிறகு இடைவெளியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஏற்றிய சாலை கட்டுப்பாட்டுப் புள்ளிகளிலிருந்து எங்கோ தொலைவில், திரும்பிய நிலையில் கிடக்கிறது.

அச்சு வரிசை மாறியிருக்கிறது. லேண்ட்எக்ஸ்எம்எல்லில் வடக்கு முதலில், கிழக்கு அடுத்து. டிஎக்ஸ்எஃப்-இல் கிழக்கு முதலில். காற்புள்ளியிட்ட புள்ளிப் பட்டியலில் யார் எப்படி எழுதினார்களோ அப்படி.

சாலை திரும்பாமல் சற்றே நகர்ந்து மட்டும் இருந்தால் அலகைப் பாருங்கள், குறிப்பாக அடிக் கணக்கில் வந்த கோப்புகளில். சர்வதேச அடி 0.3048 மீட்டர். அமெரிக்காவின் பழைய சர்வே அடி அதைவிடப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நீளம். ஆயத்தொலைவு பத்து லட்சம் அடியாக இருந்தால் வித்தியாசம் இரண்டு அடி. சர்வே அடியை 2022 முடிவோடு அமெரிக்கா கைவிட்டுவிட்டது. பழைய கோப்புகள் கைவிடவில்லை.

கேள்வி: ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடம் காட்டும்) கருவியில் அளந்தால் வடிவமைப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் வேறுபடுகிறது. வடிவமைப்பாளர் எங்கள் கருவியைக் குறை சொல்கிறார், நாங்கள் அவருடைய கோப்பைச் சொல்கிறோம். யார் சொல்வது சரி?

இருவருமே சரி, அதுதான் தொல்லை. 40 சென்டிமீட்டர் என்ற எண்ணே கதையைச் சொல்லிவிடுகிறது. யுடிஎம் என்ற வரைபட ஆயத்தொலைவு அமைப்பில் மைய தீர்க்கக்கோட்டில் அளவுக்காரணி (வரைபடத் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்குமான விகிதம்) 0.9996. அங்கே தரையின் 1000 மீட்டர் வரைபடத்தில் 999.6 மீட்டராகச் சுருங்கும். தளம் உயரமான இடமாக இருந்தால் அதுவும் சேரும், சுமார் 640 மீட்டர் உயரத்துக்குக் கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம். வடிவமைப்பு தரை அளவில் இருக்கிறதா, வரைபட அளவில் இருக்கிறதா என்பதை இருவரும் உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்யுங்கள். வடிவமைப்பைத் தரை அளவுக்கு நீட்டிவிட்டு, டோட்டல் ஸ்டேஷனிலும் அளவுக்காரணியை இயக்கிவைத்து ஒரே திருத்தத்தை இருமுறை செய்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு இடையே டோட்டல் ஸ்டேஷனில் கிடைமட்டத் தூரம் அளந்து, ஆயத்தொலைவுகளிலிருந்து கணக்கிட்ட தூரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை, சண்டை முடிந்துவிடும்.

கேள்வி: டிரான்சிஷன் வளைவின் (நேர்கோட்டையும் வில்லையும் படிப்படியாக இணைக்கும் வளைவின்) முடிவில் மட்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. நீளமும் ஆரமும் சரியாகத்தான் இருக்கின்றன.

வளைவின் வகையைப் பாருங்கள். கிளாதாய்டு, முப்படிப் பரவளைவு இரண்டும் டிரான்சிஷன் வளைவின் வகைகள். ஆரம் 200, நீளம் 60 மீட்டர் என்றால், கிளாதாய்டு வளைவின் முடிவில் பக்கவாட்டு விலகல் 2.995 மீட்டர். தொடுகோட்டில் அதே தொலைவில் முப்படிப் பரவளைவு 2.980 தரும். லேண்ட்எக்ஸ்எம்எல் கோப்பில் வகை எழுதப்பட்டிருக்கும். கருவி அதைக் கவனிக்காமல் தன் விருப்பத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: மண் வேலை மட்டும்தான் எங்கள் பொறுப்பு. பரப்பு மட்டும் கொடுத்தால் போதுமா?

போதும். மூன்று எச்சரிக்கைகள். எல்லைக்கு வெளியே உருவாகும் நீண்ட முக்கோணங்களை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மேல்தளப் பரப்பை அப்படியே கீழிறக்கி அடித்தளம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். கீழ் அடுக்குகள் பெரும்பாலும் மேலே உள்ளவற்றைவிட அகலமானவை, அடித்தளத்துக்குத் தனிப் பரப்பு கேளுங்கள். சாலையோரக் கெர்ப் கல்லின் செங்குத்து முகத்தை முக்கோணப் பரப்பு ஏற்காது, ஒரே இடத்துக்கு இரண்டு மட்டம் இருக்க முடியாதல்லவா? மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தித்தான் வரைய வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக ஏறியிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

திரையில் சாலை அழகாகத் தெரிவதை நம்பாதீர்கள். வடிவமைப்பாளரிடம் அலைன்மென்ட் அறிக்கையை (மையக்கோட்டின் கணக்கு விவரங்களை) கேட்டு வாங்குங்கள். டிரான்சிஷனின் நடுவில் ஒரு செயினேஜ், நீள்வெட்டின் பரவளைவு நடுவில் ஒன்று, சூப்பர் எலிவேஷன் மாறும் இடத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மையத்திலும் இரு விளிம்புகளிலும் கருவி என்ன ஆயத்தொலைவு, என்ன மட்டம் தருகிறது என்று எழுதி ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் இங்கே அளவீடு எதுவும் இல்லை, இரண்டு கணக்குகள் மட்டுமே. இதை அலுவலக மேசையிலேயே முடித்துவிடுங்கள். நேர்கோட்டுப் பகுதியில் மட்டும் சோதித்துவிட்டுக் கிளம்புவது சோதிக்காமல் கிளம்புவதற்குச் சமம்.

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது பழைய டோட்டல் ஸ்டேஷன். கோப்பு எதையும் ஏற்காது, புள்ளிகளை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

சாலை நிரல் அதில் இருந்தால் மையக்கோட்டின் உறுப்புகளை, நேர்கோடு, டிரான்சிஷன், வில் என்று வரிசையாக அறிக்கையைப் பார்த்துக் கையாலேயே உள்ளிடலாம். சில கிலோமீட்டருக்கு அது ஒரு காலை நேர வேலை. நிரலே இல்லாவிட்டால், மென்பொருளிலிருந்து மையத்துக்கும் விளிம்புகளுக்கும் வளைவில் 5 மீட்டர், நேர்கோட்டில் 20 மீட்டர் இடைவெளியில் புள்ளிகளை எடுத்து ஏற்றுங்கள். புள்ளிப் பெயரிலேயே செயினேஜும் பக்கமும் வரும்படி, 1240 வ, 1240 இ என்பதுபோல் கருவி ஏற்கும் எழுத்துகளில் வையுங்கள். வடிவமைப்பு மாறும்போது பழைய பட்டியலைக் கருவியிலிருந்து முழுவதும் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் 1240 வ எந்தத் திருத்தத்தைச் சேர்ந்தது என்று களத்தில் யாராலும் சொல்ல முடியாது.