மல்டிமோட் இழையில் லேசரை மையம் விலக்கிச் செலுத்துவது ஏன்?

62.5 மைக்ரான் விட்ட உள்ளகம் கொண்ட மல்டிமோட் இழையில் (ஒளி பல பாதைகளில் செல்லும் கண்ணாடி ஒளியிழையில்) 1310 நானோமீட்டர் லேசரை நேர் மையத்தில் இணைத்தால், எல்இடியில் கிடைத்த பட்டையகலம்கூட (தரவைக் கடத்தும் திறன்) சில நேரங்களில் கிடைக்காமல் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் இழையின் நடுவிலேயே இருக்கிறது. பழைய இழைகளைத் தயாரிக்கையில், உட்புழை கொண்ட கண்ணாடிக் குழாயைச் சூடாக்கித் திடத் தண்டாகச் சுருக்கும் கட்டத்தில், உட்பரப்பிலிருந்த ஜெர்மானியம் ஆக்சைடு ஆவியாகி, அச்சில் ஒளிவிலகல் எண் சற்றே தாழ்ந்துவிடுவதுண்டு. எல்இடி நூற்றுக்கணக்கான ஒளிமுறைகளில், அதாவது இழைக்குள் ஒளி செல்லும் தனித்தனிப் பாதைகளில், ஆற்றலைப் பரப்புவதால் அக்குறை மறைந்துபோகும். லேசரின் குறுகிய கற்றையோ, அக்குறையால் வேகம் மாறுபடும் சில மைய முறைகளையும் அவற்றுடன் வேறு முறைகளையும் தூண்டுவதால், ஒரே துடிப்பு மறுமுனையில் இரண்டாகப் பிளந்துகூட வந்து சேரலாம்.

எல்லா முறைகளையும் நிரப்புவதே தீர்வு என்று தோன்றும். ஆனால் வேகம் ஏறத்தாழ ஒத்த இடைநிலை முறைகளை மட்டும் தூண்டுவதே உண்மையில் பலன் தருகிறது. அதற்காகவே கிகாபிட் ஈதர்நெட் வலையமைப்பின் 1000பேஸ்-எல்எக்ஸ் தரத்துக்கான மோட் கண்டிஷனிங் பேட்ச் கார்டு என்னும் இணைப்பு வடத்தில், ஒரே முறையில் ஒளி செல்லும் ஒற்றைமுறை இழை மல்டிமோட் இழையுடன் 62.5 மைக்ரானுக்கு 17 முதல் 23 மைக்ரான் வரையும், 50 மைக்ரானுக்கு 10 முதல் 16 மைக்ரான் வரையும் அச்சிலிருந்து விலக்கி ஒட்டப்பட்டிருக்கும். இதை அனுப்பும் பக்கத்தில் மட்டுமே பொருத்த வேண்டும். திருப்பி மாட்டுவதே நான் அடிக்கடி காணும் பிழை. லேசருக்கென்றே உருவாக்கப்பட்ட ஓஎம்3 இழைக்கு இது தேவையில்லை.