திருக்கை முள்ளுக்கு வெந்நீர்

கேள்வி: அக்கா, விடுமுறையில் உவரி கடற்கரைக்குப் போயிருந்தோம். முழங்கால் தண்ணீரில் நின்ற என் தம்பி மகனின் காலில் திருக்கை மீன் குத்திவிட்டது. பையன் துடித்துப் போனான். ஒருவர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னார். இன்னொருவர் புகையிலை வைக்கச் சொன்னார். ஒரு பாட்டி வெந்நீர் கேட்டு ஓடினார். யார் சொன்னது சரி?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பாட்டி சொன்னதுதான் சரி, தங்கச்சி. நான் நர்ஸாக வேலை பார்த்தவள் மட்டுமில்லை, அந்தக் கரையிலேயே பிறந்தவள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கரையில் நின்று கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்த அப்பா ஒரு திருக்கையை மிதித்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டிப் போட்டார்கள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கழித்து ஆச்சி வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து காலை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முனகல் அடங்கியது.

காரணம் பிறகு படிக்கும்போதுதான் புரிந்தது. திருக்கையின் விஷம் புரத வகை, சூடு பட்டால் வீரியம் குறைந்துவிடும். தண்ணீர் சுமார் 45 டிகிரி இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு தெரியாது, அதனால் நீங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வைக்கச் சொல்லுங்கள். ஆற ஆற வெந்நீர் ஊற்றி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். கயிறு கட்டினால் விஷமும் அங்கேயே தங்கும், ரத்த ஓட்டமும் நிற்கும். கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, புகையிலை எதுவுமே வேண்டாம்.

வலி நின்றதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முள்ளின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், துண்டு உடைந்து உள்ளேயே தங்கிவிடலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், டிடி எனும் டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். நாலைந்து நாள் கழித்துச் சீழ் வைத்த கால்களை நான் நிறையவே கட்டியிருக்கிறேன். உங்கள் பையனுக்கு இதெல்லாம் செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: திருக்கை குத்தி ஆளே இறந்துபோவார்களா?
வாசகர், திசையன்விளை

பதில்: அபூர்வம். முதலைகளோடு பழகிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்துதான் இறந்தார். நெஞ்சு, வயிறு, கழுத்தில் பாய்ந்திருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, ரத்தம் கொட்டும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனால் அது நம்மைத் தேடி வந்து குத்துகிற மீன் இல்லை. மணலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே காட்டிப் படுத்திருக்கும், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக மூச்சுக்குத் தண்ணீர் எடுக்கும். முதுகில் மிதித்தால்தான் வாலை மேலே வீசும். அதனால் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே நடங்கள். அதிர்வு தெரிந்ததும் அது விலகிப் போய்விடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சலுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்.

கேள்வி: விஷமுள்ள திருக்கை மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடலாமா?
வாசகி, வள்ளியூர்

பதில்: தாராளமாக. விஷம் வால் முள்ளில்தான், சதையில் இல்லை. செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும், அதனால் முள்ளை நீக்கிய மீனாக வாங்குங்கள். மூக்கு எரிகிற நெடி அடித்தால் விட்டுவிடுங்கள். திருக்கைச் சதையில் யூரியா உண்டு, மீன் பழசாகும்போது அது அம்மோனியாவாக மாறும். நல்ல மீனென்றால் பூண்டை உரித்துக் கை நிறையப் போட்டு, புளி கொஞ்சமாகக் கரைத்து, நல்லெண்ணெயில் வையுங்கள். என் மூத்த மகள் பிறந்தபோது அம்மா எனக்கு அந்தக் குழம்பைத்தான் கொடுத்தார், பூண்டு மட்டும் ஒரு கை நிறைய.