ஓய்ந்த பரம்பரையலகும் ஓயாத பச்சை ஒளியும்

திருகோணமலையிலிருந்து ஆய்வு மாணவி ஒருவர் கேட்கிறார்: "சீப்ரா மீன் முளையங்களில், நான் ஆராயும் பரம்பரையலகை இயக்கி அணைக்கும் ஆளிப் பகுதியோடு, பச்சையாய் ஒளிரும் புரதமான ஜிஎப்பியின் பரம்பரையலகை இணைத்திருக்கிறேன். கருக்கட்டி 14 மணித்தியாலத்தில் அப்பரம்பரையலகின் ஆர்என்ஏ (புரதம் உருவாக்கப் பயன்படும் அதன் நகல்) மறைந்துவிடுவதைச் சாயமூட்டிப் பார்த்தேன்; பச்சை ஒளியோ 20 மணித்தியாலம் வரை கூடிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம், அவை காட்டுவது வெவ்வேறு விடயங்களை. கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டத்தை வைத்து இன்று மழை பெய்ததா என்று சொல்ல முடியாது. ஜிஎப்பியும் அப்படித்தான்: சாதாரண வடிவத்தின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் நேரம், கலங்களுள் ஏறத்தாழ 26 மணித்தியாலம் என்பதால், நீங்கள் காணும் ஒளி இதுவரை சேர்ந்த இருப்பே. ஒளி நிலைத்திருப்பதை இது விளக்கும். கூடுவதற்குக் காரணம், ஆளி அணைந்த பின்பும் எஞ்சியிருக்கும் ஜிஎப்பி ஆர்என்ஏயிலிருந்து புரதம் தொடர்ந்து உருவாவதும், உருவான புரதம் ஒட்சிசனின் உதவியோடு முதிர்ந்து ஒளிரச் சற்று நேரம் எடுப்பதுமாகும்.

ஆனால் இவ்விளக்கத்தோடு நிறைவடைந்துவிடாதீர்கள். நீங்கள் வெட்டியெடுத்த ஆளித் துண்டில், பரம்பரையலகை அணைக்கும் பகுதி விடுபட்டிருந்தாலும் இதே தோற்றம் வரும். ஆகவே அதே முளையங்களில், ஜிஎப்பியின் ஆர்என்ஏயையே தேடும் சாயமூட்டலைச் செய்யுங்கள். அதுவும் 14 மணித்தியாலமளவில் மறைந்தால் ஒளி பழைய இருப்பு. மறையாவிட்டால், அந்த ஆர்என்ஏ நெடுநேரம் அழியாதிருக்கிறதா, துண்டு தவறானதா என்று மேலும் பார்க்கவேண்டும். நேரத்தோடு மாறும் செயற்பாடுதான் உங்கள் கேள்வியென்றால், ஏறத்தாழ 2 மணித்தியால அரைவாழ்வுள்ள, விரைவில் சிதையும் வடிவத்துக்கு மாறுவதே என் தெரிவு. ஒளி மங்கலாகவே இருக்கும். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

முளையங்களை அறை வெப்பநிலையில் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளர்ச்சி அட்டவணைகளின் மணிக்கணக்கு 28.5 பாகை செல்சியசுக்கு உரியது. ஆடி மாதத்துத் திருகோணமலையில் மின்விசிறி சுழலும் அறைகூட 31 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் உங்கள் 14 மணித்தியாலம் அட்டவணையின் ஏறத்தாழ 16 ஆகிவிடுகிறது. மணிக்கூட்டை விட்டுவிட்டு, முளையத்தின் முதுகோரம் வரிசையாகத் தோன்றும் உடற்றுண்டங்களை எண்ணி, அவ்வெண்ணிக்கையைக் கொண்டே இரு பரிசோதனைகளையும் ஒப்பிடுங்கள்.

அளக்கும்போது, மிகப் பிரகாசமான முளையத்திலும் படப்புள்ளிகள் உச்சப் பெறுமானத்தை முட்டாதவாறு ஒளியூட்டலை ஒருமுறை நிர்ணயித்து, பின்பு அதைத் தொடாதீர்கள். நுணுக்குக்காட்டியில் எடுத்த மூலக் கோப்பையே அளவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அளந்து அனுப்புவோரும் உண்டு. கருவூண் தானாகவே ஒளிரும். ஆதலால் ஜிஎப்பி இல்லாத உடன்பிறப்பு முளையங்களை, ஒவ்வொரு பருவத்திலும் ஒரே தட்டில் வைத்துப் படமெடுத்து, அதே பருவத்தின் பெறுமானத்தையே கழியுங்கள். கருவூண் நாளுக்கு நாள் சுருங்குவதால், முதல் நாள் எடுத்த ஒரே எண்ணை எல்லாவற்றிலும் கழிப்பது பிழையாகிவிடும்.