மூன்றுக்கு மூன்று: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் வள்ளவிளையிலிருந்து எழுதுகிறேன். ஊர் கிளப்புக்கு விங்கில் ஆடிக்கொண்டிருந்தவன். முட்டில் அடிபட்டு ஆட்டம் நின்றுபோனது. கொஞ்ச காலம் துபாயில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். சாயங்காலம் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 9 வயதிலிருந்து 13 வரை, 24 பேர். கையில் ஐந்து பந்து இருக்கிறது.

எங்கள் கோச் எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியேதான் நானும் செய்கிறேன். கரையோரமாக நாலு ரவுண்டு ஓட்டம், அப்புறம் எக்சர்சைஸ், அப்புறம் வரிசையில் நிறுத்தி கோல் அடிக்கப் பழக்குவது, கடைசி 15 நிமிடம் மேட்ச். பாதிப் பேர் மேட்ச் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டால் ‘போரடிக்குது அண்ணா’ என்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று விடுவதா, இல்லை நான் மாற வேண்டுமா?

கிறிஸ்துமஸ் சமயத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டி ஒன்று வருகிறது. வளர்ந்த பையன்களாகப் பத்துப் பேரைப் பிரித்து அவர்களை மட்டும் பழக்கு என்று கிளப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வேறு சில சந்தேகங்களும் உண்டு. ஹெட்டிங், அதாவது தலையால் பந்தை முட்டுவது, எந்த வயதில் தொடங்கலாம்? ஒரு பையன் முட்டுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான், ஓட ஓடச் சரியாகிவிடுமா? தினமும் நாலு பெண்பிள்ளைகள் கடல்சுவர் மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள், சேர்த்துக்கொள்ளலாமா? நல்ல டிரில்கள் சிலவும் எழுதுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. மேட்ச் நேரம் பார்த்து வருகிறவனைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் கால்பந்து எந்த 15 நிமிடம் நடக்கிறது என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பேர், ஒரு கோல் போஸ்ட். ஒருவன் ஓடிவந்து அடித்து, அடுத்தவன் தயாராவதற்கு 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று வர 6 நிமிடம். அரை மணி நேரம் இந்த டிரில்லை நடத்தினால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தே ஐந்து அடி. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கிடைத்த அந்த ஐந்து அடியிலும் எதிரே ஆள் இல்லை, பந்தைப் பறிக்க யாரும் வரவில்லை, யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. இது கரையில் படுத்துக்கொண்டு நீச்சல் பழகுவது போலத்தான்.

அதனால் வரிசையை விட்டுவிடுங்கள். ரவுண்டு ஓடுவதையும் விட்டுவிடுங்கள். மணலில் ஆடுகிற பிள்ளைக்குத் தனியாக ஓட்டம் தேவையில்லை, ஆட்டத்துக்குள்ளேயே போதும் போதும் என்கிற அளவுக்கு ஓடிவிடுவான். டிரில் எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிள்ளையின் காலில் பந்து அடிக்கடி படுகிறதா, அப்படிப் படும்போது எதிரே ஒருத்தன் இருக்கிறானா? இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு பெரிய கோச் சொல்லிக்கொடுத்த டிரில்லாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். 24 பேரை ஆறு ஆறாகப் பிரித்தால் நாலு குழு, நாலு பந்து. உங்களிடம் இருப்பது தாராளமாகப் போதும்.

முதல் கால் மணி நேரம் வார்ம் அப். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ‘11 பிளஸ் கிட்ஸ்’ என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் திட்டம் ஒன்று உண்டு. ஏழு பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிப்பது, குதித்து இரண்டு முட்டுகளையும் மடக்கி இறங்குவது, அடிபடாமல் உருண்டு விழுவது, இந்த மாதிரி. ஐரோப்பாவில் நாலு நாடுகளில் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. முட்டில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் நிற்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் ஐந்து பேர் வட்டமாக நிற்க, ஒருத்தன் நடுவில். வெளியே நிற்பவர்கள் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இருப்பவன் பறிக்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்குப் போவான். ரோண்டோ என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தின் பெரிய ஆட்டக்காரர் யோஹான் க்ரைஃப், பயிற்சியாளரானபோது பார்சிலோனா கிளப்பின் பயிற்சியையே இதன்மேல்தான் கட்டினார். கொஞ்ச நாள் போனதும் நடுவில் இரண்டு பேரை விடுங்கள். இதைக் காய்ந்த மணலில் வைக்காதீர்கள், தரையோடு போகிற பாஸ் அங்கே பாதியிலேயே செத்துவிடும். அலை நனைத்து இறுகிப்போன மணலில் வையுங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஆட்டத்தில் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது பந்தை வாங்குகிறவனின் இடுப்பை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பாஸ் வரும் திசைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்பார்கள். பந்து வந்ததும் கிட்டே இருக்கிற காலால் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை, பறிக்க வருகிறவனுக்கும் அது தெரியும். அதே பிள்ளை அரைத் திருப்பம் திரும்பி, பந்தைத் தன் குறுக்கே ஓடவிட்டுத் தள்ளி இருக்கிற காலால் வாங்கினால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். பாதத்தை ஒரு சாண் நகர்த்துவதுதான் வேலை. இதை வாயால் சொன்னால் புரியாது. ஆட்டத்தை நிறுத்தி, அதே இடத்தில் அந்தப் பிள்ளையை நிற்கவைத்து, ‘இப்ப உனக்கு எத்தனை பேரு தெரியுது மக்களே?’ என்று கேளுங்கள். திரும்பி நிற்கவைத்து மறுபடி கேளுங்கள். அவனே சொல்லுவான்.

அதற்கடுத்து மூன்றுக்கு மூன்று. ஹாக்கியிலிருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மன் பயிற்சியாளர் ஹார்ஸ்ட் வைன் பிள்ளைகளுக்காக வகுத்த ஆட்டம், ஃபுனினோ என்று பெயர். நாலு சின்ன கோல், கோலி கிடையாது. மணலில் நடந்து அளந்து 25 எட்டு நீளம், 20 எட்டு அகலம் கோடு போடுங்கள். இரண்டு முனையிலும் மூலைக்கு ஒன்றாக, செருப்பையோ மிதவையையோ வைத்து இரண்டு எட்டு அகலத்தில் கோல். ஒரு அணி இரண்டு கோலைக் காக்கும், எதிரே இருக்கிற இரண்டில் எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் தூரத்திலிருந்து அடித்தால் செல்லாது, கோலுக்கு முன்னால் ஆறேழு எட்டு தள்ளி ஒரு கோடு போட்டு அதற்குள் வந்துதான் அடிக்க வேண்டும்.

கோல் இரண்டு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பையன் பந்தோடு இடது மூலைக்குப் போகிறான். அங்கே இரண்டு பேர் அடைத்து நிற்கிறார்கள். உள்ளங்காலைப் பந்து மேல் வைத்து நிறுத்துகிறான், மணலில் பந்து சற்றே புதைகிறது, நுனிக்காலால் அதைக் கெல்லி எடுத்துத் தலையைத் தூக்குகிறான். வலது மூலை காலியாகக் கிடக்கிறது. அந்த நொடியில் அவன் கற்றுக்கொண்டதை எந்த வரிசையிலும் கற்றுக்கொடுக்க முடியாது. ஆறு பேருக்கு ஒரு பந்து என்பதால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. செவன்ஸில் ஓரமாக நின்றே நேரத்தைக் கடத்துகிற ஒன்பது வயதுக்காரனுக்கும் இதில் பந்து வந்துகொண்டே இருக்கும்.

சில நாள் விதியை மாற்றுங்கள். இடது காலால் அடித்தால் மட்டுமே கோல் என்று சொல்லுங்கள். 1951-லும் 1962-லும் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக்கொடுத்த சையத் அப்துல் ரஹீம், பலவீனமான காலால் மட்டும் ஆடுகிற போட்டிகளை நடத்தியவர் என்று சொல்வார்கள். அவரும் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

ஆட்டம் நடக்கும்போது நீங்கள் கத்தாமல் இருக்க வேண்டும். இது கஷ்டம், எனக்குத் தெரியும். ‘அடிலே, பாஸ் பண்ணுலே’ என்று ஓயாமல் சொன்னால் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதை விட்டு உங்கள் வாயைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இடைவேளையில் கேள்வியாகக் கேளுங்கள். கடைசி 20 நிமிடம் வழக்கம்போல மேட்ச் வையுங்கள், அதைப் பிடுங்க வேண்டாம்.

இனி கிளப் பெரியவர்கள் விஷயம். இதில் நான் உங்களைக் கெஞ்சியே கேட்கிறேன், பத்துப் பேரைப் பிரிக்காதீர்கள். வயது வரம்பை ஜனவரி 1 வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பட்டியலில் வருவார்கள், இடையில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். 12 வயதில் அது உயரத்திலும் பலத்திலும் நன்றாகவே தெரியும். இப்படி ஜனவரி 1 வைத்துப் பிரிக்கிற நாடுகளின் ஜூனியர் அணிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், திறமை மாதம் பார்த்தா பிறக்கிறது? வளர்ந்தவனைப் பொறுக்கினால் கிறிஸ்துமஸ் கோப்பை கிடைக்கலாம். அவனுக்கு 17 வயதாகும்போது மற்றவர்களும் வளர்ந்திருப்பார்கள், உடம்பை மட்டும் வைத்து ஜெயித்தவனுக்கு அப்போது கையிருப்பு ஒன்றும் இருக்காது. ஒதுக்கிவைத்த சின்னப் பையன் அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பான்.

பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து போய் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று பெரிய கிளப்புகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜை உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உடம்பின் பருமனைப் பற்றியா பேசினார்கள்? இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு போகிற வேகத்தையும் காலையும்தான் பேசினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீரோடி முதல் இரயுமன்துறை வரை நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளின் அப்பாக்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிறார்கள். 2017 ஒக்கிப் புயலில் திரும்பி வராதவர்களின் பிள்ளைகளும் இந்தக் கரையில்தான் வளர்கிறார்கள். தினமும் சாயங்காலம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆடவைக்கிற ஒரு அண்ணன் அவர்களுக்கு யார் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் 14 பேரைப் பார்த்து ‘நீ வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். போட்டிக்கு இரண்டு அணியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பாதி ஆட்டத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். தோற்றால் பெரியவர்களுக்கு நான் வேண்டுமானாலும் வந்து பதில் சொல்கிறேன்.

ஹெட்டிங் இப்போது வேண்டாம். அமெரிக்காவில் 10 வயது வரை ஹெட்டிங்கே கூடாது, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவோடுதான் என்று 2015-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது. உங்கள் பெரிய பையன்களுக்கு வேண்டுமானால் காற்றுக் குறைத்த பந்தில், கையால் தூக்கிப் போட்டு, கண்ணைத் திறந்து நெற்றியில் வாங்கப் பழக்கலாம், அதுவும் கொஞ்சம்.

முட்டுக்குக் கீழே வலிக்கிறது என்கிற பையனை ஓடவைக்காதீர்கள். வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் நார் முட்டுக்குக் கீழே எலும்பில் பிடித்திருக்கும் இடம் இழுபட்டு வீங்குவது உண்டு. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஓடியும் குதித்தும்தான் அது கூடும். தொட்டால் அந்த இடம் சின்ன மேடாகத் தட்டுப்படும். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சும்மா வீட்டுக்கு அனுப்பிவிடாமல், வலி குறையும்வரை மூன்றுக்கு மூன்றில் கோல் எண்ணுகிற பொறுப்பைக் கொடுத்துக் கூடவே வைத்திருங்கள்.

பந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது எல்லாம் 5-ம் நம்பர் பந்தாகத்தான் இருக்கும். 12 வயது வரை 4-ம் நம்பர் போதும், அடுத்து வாங்கும்போது அதை வாங்குங்கள். ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். உப்பு தையலைத் தின்றுவிடும்.

கடைசியாக அந்த நாலு பெண்பிள்ளைகள். இதற்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமா தம்பி, நாளைக்கே கூப்பிடுங்கள். இந்த வயதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதில் ஒரு இடைஞ்சலும் இல்லை. தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் சாம்பியன். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள், அம்மாக்களிடம் நீங்களே நேரில் பேசுங்கள். அவர்கள் வந்தால் 28 பேர் ஆவார்கள், நாலு களம் பற்றாது. மீதியிருக்கிற ஐந்தாவது பந்தை எடுத்து இரண்டுக்கு இரண்டாக இன்னொரு களம் போடுங்கள். பெண்பிள்ளைகளை மட்டும் அதில் ஒதுக்கிவிடாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரையும் களம் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்