அபாயக் கழிவை நிலத்தடியில் செலுத்தினால் குடிநீர் கெடாதா?

நச்சுக் கழிவை ஆழத்தில் செலுத்தும் கிணற்றை எங்கே அமைத்தால் நிலத்தடி நீர் தப்பிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆழமாகத் தோண்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. கழிவை உள்வாங்க, உப்புநீர் நிரம்பிய நுண்துளைப் பாறை வேண்டும். அதற்கு மேலே களிப்பாறை போன்ற, நீர் எளிதில் கசியாத தடித்த அடுக்கு விரிசலின்றிப் பரந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில், லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்த நீர்த்தாங்கியை, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறை அடுக்கை, பொதுவாகக் குடிநீர் ஆதாரமாகவே கணக்கில் கொள்கிறார்கள், இன்று அதை யாரும் குடிக்காவிட்டாலும். இது நல்ல விதி. அபாயக் கழிவை இத்தகைய ஆதாரங்களில் மிக ஆழத்தில் இருப்பதற்கும் கீழேதான் செலுத்த வேண்டும். அதோடு, 10,000 ஆண்டுகளுக்குக் கழிவு அபாயகரமான நிலையில், அதைச் செலுத்திய பாறைப் பகுதியை விட்டு வெளியேறாது என்றும் காட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், பாறையைவிடப் பயப்பட வேண்டியது பழைய கிணறுகளுக்குத்தான். சரியாக அடைக்காமல் கைவிட்ட ஓர் எண்ணெய்க் கிணறு போதும். கீழே அழுத்தம் கூடியதும் கழிவு அதன் வழியே மேலேறிவிடும். அதனால்தான் அங்கே குறைந்தது 2 மைல் ஆரத்துக்குள் பழைய துளைகளைத் தேடிச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

அப்புறம் பாறைப் பிளவுகள். செலுத்தும் திரவத்தின் அழுத்தத்தால் அவை நழுவி நிலம் அதிரலாம். அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே, ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவ இரசாயன ஆயுத ஆலையில் 1962 முதல் 1966 வரை சுமார் 12,000 அடி ஆழத்தில் கழிவைச் செலுத்தினார்கள், நிலநடுக்கங்கள் தொடங்கின. செலுத்துவதை நிறுத்திய பிறகும், 1967 வரை பெரிய அதிர்வுகள் வந்தன.