அரசுத் தரப்பு வக்கீல் ஆக ஆசையா? முதலில் கோப்பைப் படிக்கப் பழகுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு சீனியரிடம் 3 ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். சுற்றுச்சூழல், நுகர்வோர் வழக்குகளில் அரசுக்காக வாதாட விருப்பம். இதற்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டா? எங்கே தொடங்குவது?

பதில்: தேர்வு உண்டு, ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கு இல்லை. டி.என்.பி.எஸ்.சி. எடுப்பது அரசு உதவி வழக்கு நடத்துநர்களை. அது குற்ற வழக்கு நடத்தும் பணி. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் அரசுக்காக நிற்பவர்கள் பெரும்பாலும் துறையோ வாரியமோ தன் பேனலில் (தனக்காக வாதாட வைத்திருக்கும் வக்கீல் பட்டியலில்) சேர்த்துக்கொண்ட வக்கீல்கள்தான். மாதச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ். பில் பாஸாகி வரத் தாமதமாகும். ஆட்சி மாறினால் பேனலும் மாறலாம். அதனால் சொந்த பிராக்டிஸை விட்டுவிடாதீர்கள். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பேனலில் இருந்துகொண்டு, அதே வாரியத்தை எதிர்த்து ஒரு சாயப்பட்டறைக்கு வக்காலத்து போட முடியாது.

சரி, வேலை எப்படி இருக்கும்? கோர்ட்டில் பேசுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் கோப்போடுதான். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமிருந்து பத்திவாரிக் குறிப்பு (எதிர்த்தரப்பு மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் வாரியத்தின் பதில்) வரும், அதை வைத்துப் பதில் மனு தயாரிக்க வேண்டும். அந்தக் குறிப்பை அப்படியே நம்பாமல், கழிவுநீர் மாதிரி எடுத்த விதத்தைப் பாருங்கள். தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிரிவு 21-இன்படி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவர் வேண்டுமென்றே வராமல் போனால் அதற்கும் தனி நடைமுறை உண்டு. இதில் பிசகினால் ஆய்வு முடிவைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கழிவுநீரின் மாசைக் காட்டும் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளவு வரம்பைத் தாண்டிப் பல மடங்கு இருந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, "கையெழுத்து எங்கே?"

அடுத்தது, எந்த மன்றம் என்ற கேள்வி. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு இதற்கு நல்ல பாடம். அரசு மூடிய அந்தத் தாமிர ஆலையைத் திறக்க 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் வழிவிட்டது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உத்தரவை ரத்து செய்தது. மாசு எவ்வளவு என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் மூடலைச் சரி என்றது. உச்ச நீதிமன்றம் 2024-இல் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்புகளை வரிசையாகப் படியுங்கள், எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சொல்லித் தராது.

நுகர்வோர் பக்கம் நாள்கணக்குதான் உயிர். பதில் தாக்கல் செய்ய 30 நாள், மேலே அதிகபட்சம் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அரசுத் துறைகளில் சம்மன் மேசை மேசையாக நகர்வதற்குள் அந்த 45 நாள் ஓடிவிடும். அரசே புகார்தாரராகவும் வரலாம்: மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் 2015-இல் மத்திய அரசு நெஸ்லேயிடம் 640 கோடி ரூபாய் கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024-இல் அந்த மனு தள்ளுபடியானது.

நீங்கள் உடனே ஈரோட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மின்வாரியம், நகராட்சி போன்ற அமைப்புகளுக்கு ஆஜராகும் ஒருவரிடம் போய், பதில் மனு எழுத உதவுகிறேன் என்று கேளுங்கள். அப்புறம் சென்னை. சேப்பாக்கம் கலஸ் மஹாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. வாரியத்துக்கு ஆஜராகும் சீனியர் ஒருவரிடம் சேர்ந்தால், பேனலுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயர் அங்கே புதிதாக இருக்காது.